பால் சேர்க்காம ஒரே சட்டியில மாட்டுக் கொத்துக்கறி பாஸ்தா: நெல்லைப் பக்கம் செய்யுதவங்க சொல்லுங்க

பொருநைக்காரி (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க சின்னவனுக்குப் பால் ஆகாது. வயிறு உப்புசம்னு இல்ல, கொஞ்சம் உள்ள போனாலே உடம்பெல்லாம் தடிச்சுருது. டாக்டர் பார்த்து ஒவ்வாமைதான்னு உறுதியாச் சொல்லிட்டாங்க. அதனால தயிர், வெண்ணெய், சீஸ் எதுவும் அவனுக்குக் கிடையாது. ஆனா பாஸ்தான்னா அவனுக்கு உசுரு. பெரியவளுக்கு மாட்டுக் கொத்துக்கறி. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கணும்னு பாக்கேன். வேலை முடிஞ்சு வீடு வந்து சேர ஆறரை ஆயிருது. ஒரு அடுப்பு அத்தையோட தோசைக்குப் போயிரும், மத்ததுதான் எனக்கு.

பாக்குற செய்முறை எல்லாத்துலயும் கடைசியில ஒரு டம்ளர் பால், இல்லன்னா க்ரீம், மேல சீஸ். அதை விட்டுட்டுச் செஞ்சா தக்காளித் தண்ணி ஒரு பக்கம், பாஸ்தா ஒரு பக்கம்னு நிக்குது. பால் இல்லாம அந்தக் குழகுழப்பு வர என்ன வழி? நம்ம ஊர்ல கிடைக்குற கறி எவ்வளவு நேரம் வேகணும்? பாஸ்தாவைத் தனியா அவிக்காம முடியுமா?


ஷார்ஜா_நெல்லையான்

அக்கா, தாராளமா முடியும். இங்க ரூம்ல எங்களுக்கும் ஒரே அடுப்புதான், வாரத்துல பாதி நாள் இந்தச் சாப்பாடுதான்.

குழகுழப்புக்குப் பால் வேண்டியதே இல்ல. பாஸ்தாவுலயே அதுக்கான மாவுச்சத்து இருக்கு. தனியா அவிச்சு வடிக்கும்போது அது தண்ணியோட தொட்டியில போயிருது. சோத்துக் கஞ்சியை வடிச்சுக் கொட்டிட்டு, கெட்டியா இல்லையேன்னு பாலைத் தேடுத கதைதான். கறி வெந்த அதே சட்டியில, அளவாத் தண்ணி ஊத்தி, அதுலயே பாஸ்தா வேகட்டும். அந்த மாவு முழுக்க உள்ளேயே நிக்கும். கறியில இருந்து எறங்குன கொழுப்பும் எண்ணெயும் அதோட சேர்ந்துதான் சாறு வழுவழுன்னு ஆகும்.

அளவுதான் முக்கியம். காஞ்ச பாஸ்தா வெந்து எறங்கும்போது எடை ரெண்டு மடங்குக்கு மேல வரும். அப்படின்னா 250 கிராம் பாஸ்தா கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணியை அதுவே குடிச்சிரும். ஆவியாப் போறது கொஞ்சம், சாறாத் தங்க வேண்டியது கொஞ்சம். நான் 250 கிராமுக்கு 600 மில்லி வெந்நீர் ஊத்துவேன், தக்காளியோட தண்ணி போக. பக்கத்துல இன்னொரு டம்ளர் வெந்நீர் தயாரா இருக்கணும். பச்சைத் தண்ணி ஊத்தினா கொதி நின்னுரும், வெளிப்பக்கம் குழைஞ்சு உள்ள விதை மாதிரி நிக்கும்.

கடைசி ரெண்டு நிமிஷம் மூடியை எடுத்துட்டு நல்லாக் கிளறுங்க. மத்த நேரம் சட்டி அடி பிடிக்காம அப்பப்ப ஒரு தள்ளு தள்ளினா போதும்.


மேலப்பாளையம்_காக்கா

தங்கச்சி, கறியைப் பத்தி நான் சொல்லுதேன், அது சரியா இல்லன்னா மத்தது எதுவும் நிக்காது.

வெளிநாட்டுச் செய்முறையில வர்ற கொத்துக்கறி வேற. அது இளசு, கொழுப்பு கூட. சட்டியில போட்டு அஞ்சு நிமிஷம் பிரட்டினா வெந்துரும். நம்ம ஊர்ல வெட்டுறது பெரும்பாலும் வயசான உருப்படி. நார் முறுக்கா இருக்கும், கொழுப்பு கம்மி. அதனால கடையில போய்ச் சும்மா கொத்துக்கறின்னு கேக்காதீங்க. தொடைக்கறி எலும்பில்லாம கேளுங்க, கூட ஒரு கைப்பிடி கொழுப்புத் துண்டு சேர்த்து, மெஷின்ல ரெண்டு தடவை விடச் சொல்லுங்க. ஒரு தடவை விட்டது பாஸ்தாவோட சேராது, வாயில தனியாத் தட்டுப்படும்.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல அரைச்ச கறியைத் தண்ணியில அலசுற பழக்கம் உண்டு. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ருசி பூரா தண்ணியில போயிரும், கறியும் தண்ணியை உறிஞ்சிக்கிட்டு சட்டியில வதங்காம அவியும். கழுவணும்னா துண்டா இருக்கும்போதே கழுவி, துணியால ஒத்தி எடுத்துட்டு அரைக்கக் குடுங்க.

காலையில வாங்கி சாயங்காலம் செய்யப் போறீங்கன்னா வாங்கின கையோட ஃப்ரிட்ஜுக்குள்ள போயிரணும். துண்டுக்கறியில கிருமி மேல்பரப்புல மட்டும் நிக்கும், அரைச்சா உள்ள பூரா கலந்துரும். நம்ம ஊர் வெயில்ல அரைச்ச கறியை வெளிய வைக்கவே கூடாது. மறுநாளுக்கு மேல வைக்கணும்னா ஃப்ரீசர்தான்.


அம்பை_அண்ணாச்சி

எதுக்கு இவ்வளவு பாடு? குக்கர்ல கறி, தக்காளி, பாஸ்தா, தண்ணி எல்லாத்தையும் போட்டு ரெண்டு விசில் விட்டா வேலை முடிஞ்சுது. எங்க வீட்டுல அப்படித்தான்.


கடையநல்லூர்_லாத்தா

அண்ணாச்சி, கறிக்குக் குக்கர் சரி. பாஸ்தாவை அதுக்குள்ள போட்டு மூட வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். மாவு நுரைச்சு மேல வந்து விசில் குழாயை அடைச்சிரும். பருப்புக்குச் சில குக்கர்ல நுரை தள்ளுதே, அதைவிட இது பசையா வரும். நிறைய குக்கர்க் கையேட்டுல பாஸ்தா வேண்டாம்னே போட்டிருக்கும். அதுவும் போக, விசில்ல வெந்த பாஸ்தா ஓரம் கரைஞ்சு கூழாயிரும்.

பொருநைக்காரிக்கு நான் சொல்லுறது: குக்கரையே சட்டியா வச்சுக்கோங்க. கறியை வதக்கி, வெங்காயம் தக்காளி சேர்த்து, அரை டம்ளர் தண்ணி விட்டு மூணு விசில். ஆவி தானா அடங்கினதும் மூடியைத் திறந்து, வெந்நீர் ஊத்தி, பாஸ்தாவைப் போட்டு, திறந்தபடியே வேகவைங்க. காக்கா சொன்ன முற்றல் கறிக்கு இதுதான் நம்பிக்கையான வழி. ஒரே பாத்திரம்தான், கழுவுறதும் ஒண்ணுதான். நல்ல இளங்கறின்னா குக்கர் வேண்டாம், அகலச் சட்டியில கால் மணி நேரம் மூடி வேகவச்சாலே போதும்.

கெட்டிக்கு நான் முந்திரி அரைச்சு ஊத்துவேன். பத்துப் பதினஞ்சு பருப்பை வெந்நீர்ல ஊறவச்சு வழுவழுன்னு அரைச்சு, இறக்கும்போது கலக்கணும். பாலே வேண்டாம்.


சொதிப்பிரியை (திருநெல்வேலி டவுன்)

நான் கறி சாப்பிடுறதில்ல. ஆனா பசும்பால் இல்லாம ஒரு குழம்பைப் பாலா ஆக்குறது எப்படின்னு கேட்டா, திருநெல்வேலிக்காரங்க பதில் சொல்லாம இருக்கக் கூடாது! எங்க வீட்டுக் கல்யாணத்துல மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குச் சொதி வைக்காம இருக்க மாட்டோம். அதுல ஒரு சொட்டு மாட்டுப்பால் கிடையாது, முழுக்கத் தேங்காய்ப்பால்.

அதுல ஒரு வரிசை உண்டு. ஒரு தேங்காயில மூணு தடவை பால் எடுப்போம். காய் வேகுறது மூணாம் பால்ல. அப்புறம் ரெண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும். கெட்டியான முதல் பால் கடைசியில, ஓரத்துல நுரை கட்டுனதும் அடுப்பை அணைச்சிரணும். தளதளன்னு கொதிக்க விட்டா எண்ணெய் பிரிஞ்சு திரிதிரியா நிக்கும். எலுமிச்சம்பழம் பிழியுறதுகூட இறக்கி வச்ச பிறகுதான், புளிப்பும் சூடும் சேர்ந்தா பால் முறிஞ்சிரும்.

உங்க பாஸ்தாவுக்கும் அதே முறை வைங்களேன். மூணாம் பால்ல பாஸ்தா வேகட்டும், முதல் பால் இறக்கும்போது.


கடையநல்லூர்_லாத்தா

சொதிப்பிரியை, நீங்க சொல்லுற வரிசை அழகா இருக்கு. ஆனா ஒரு இடத்துல எனக்கு உடன்பாடில்ல. சொதியில காய் வேகும்போது புளிப்பு எதுவும் கிடையாது. இதுல ஆரம்பத்துலேயே நாலு தக்காளி. தக்காளியோட பன்னெண்டு நிமிஷம் மூணாம் பால் கொதிச்சா பிரியத்தான் செய்யும். மூணாம் பால்ல கொழுப்பு கம்மின்னாலும் மேல திப்பி மிதக்கும், பார்க்கவே நல்லா இருக்காது.


சொதிப்பிரியை (திருநெல்வேலி டவுன்)

நியாயம்தான் லாத்தா. சொதியில பால் பிரியாம இருக்க வெந்த பருப்பும் ஒரு காரணம், அந்த மாவு பாலைப் பிடிச்சு வைக்கும். இங்க பருப்பு செய்யுற வேலையைப் பாஸ்தா மாவு செய்யும், ஆனா அது தண்ணியில இறங்கவே அஞ்சாறு நிமிஷம் ஆகும்ல. அப்போ மூணாம் பாலை விட்டுருவோம். வெறும் வெந்நீர்ல வேகட்டும், சாறு கெட்டிப்பட்டு அடுப்பை அணைச்ச பிறகு முதல் பாலை மட்டும் ஊத்திக் கிளறட்டும். ஒரு சின்னத் தேங்காயோட முதல் பால், முக்கால் டம்ளர், தாராளம்.


உவரிக்காரன்

கடற்கரைக்காரன் ஒரு யோசனை சொல்லுதேன். சீஸ் இல்லாத பாஸ்தாவுல ஒரு அடி ருசி குறையும், நாக்குல தங்குற அந்த ருசி. அதுக்கு மாசிக் கருவாட்டுப் பொடி அரை ஸ்பூன், வெங்காயம் வதங்கும்போது போடுங்க. மீன் வாடை தெரியாது, கறியோட கறியாப் போயிரும். உப்பை மட்டும் பார்த்துப் போடணும், மாசியிலயே இருக்கு. பையனுக்கு மீன் ஒத்துக்கும்னாத்தான்.


வார்டு_அக்கா

நான் ஆஸ்பத்திரியில குழந்தைகள் வார்டுல வேலை பார்க்கேன். சமையலுக்குள்ள போகுமுன்ன சில விஷயம் சொல்லியே ஆகணும், இந்த இழையை வேற அம்மாமாரும் படிப்பாங்க.

பால் ஒவ்வாமையும், பால் செரிக்காம வயிறு உப்புறதும் வேற வேற. செரிக்காததுக்குக் காரணம் பால்ல இருக்குற லாக்டோஸ் சர்க்கரை. அதை உடைக்குற நொதி உடம்புல குறைவா சுரக்கும். அவங்களுக்கு லாக்டோஸ் நீக்கின பால், நாள்பட்ட கெட்டிச் சீஸ் எல்லாம் ஓரளவு ஒத்துக்கும். ஒவ்வாமை அப்படி இல்ல. கேசீன், வே மாதிரியான பால் புரதத்தையே உடம்பு எதிரியா நினைச்சு எதிர்க்குது. லாக்டோஸ் நீக்கினாலும் புரதம் அப்படியே இருக்கும். நெய்யிலகூடக் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். ஆட்டுப்பால், எருமைப்பாலும் மாற்று இல்ல, புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 லேபிள் விதிப்படி பால் சேர்ந்திருந்தா அதை ஒவ்வாமைப் பொருளாத் தனியாப் போடணும். பால் திடப்பொருள், வே பவுடர், கேசீன், சீஸ் பவுடர் இதுல எது இருந்தாலும் வேண்டாம். மசாலாப் பையோட வர்ற திடீர்ப் பாஸ்தாவுல சீஸ் பவுடர் இருக்க நிறைய வாய்ப்பு. பலசரக்குக் கடையில மூட்டையில இருந்து அள்ளிப் போடுற மக்ரோனியில லேபிளே கிடையாது, உங்க வீட்டுக்கு அது சரிப்படாது.

கடைசியா, பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைங்கள்ல ஒரு சின்னப் பங்குக்கு மாட்டுக்கறியும் ஒத்துக்காமப் போகும். பால்லயும் கறியிலயும் பொதுவா இருக்குற சீரம் ஆல்புமின்ங்கிற புரதம்தான் காரணம். நல்லா வெந்தா அதோட வேகம் குறையும், ஆனா எல்லாருக்கும் இல்ல. சின்னவன் இதுக்கு முன்ன மாட்டுக்கறி சாப்பிட்டிருக்கானா? இல்லன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.


பொருநைக்காரி (பாளையங்கோட்டை)

ரொம்ப நன்றிக்கா. சாப்பிட்டிருக்கான், எங்க வீட்டுல பிரட்டல் வைக்கும்போதெல்லாம் சாப்பிடுவான், ஒண்ணும் செய்யல. டாக்டருக்கும் தெரியும். மீனும் முந்திரியும் ஒத்துக்கும்.

எங்க ஆச்சி குடுத்த இருப்புச்சட்டி ஒண்ணு இருக்கு, அகலமா, கனமா. அதுலயே செய்யலாமா? ஷார்ஜாத் தம்பி, நீங்க முழுசா எழுதிப் போட்டா அடுப்புப் பக்கத்துல வச்சுக்கிடுவேன்.


அம்பை_அண்ணாச்சி

இருப்புச்சட்டி கறி வதக்க மாதிரி வேற எதுவும் வராது. ஆனா தக்காளியை அதுலயே அரை மணி நேரம் கொதிக்க விட்டா இரும்பு வாடை ஏறும், சாறும் கறுத்துப் போகும், சட்டியில பழகுன எண்ணெய்ப் பூச்சும் போயிரும். இந்தச் சாப்பாட்டுக்கு அடிகனமான எவர்சில்வர் சட்டி எடுங்க. இல்லன்னா லாத்தா சொன்ன மாதிரி குக்கரைத் திறந்து வச்சு. குழாயை அடைக்குற விஷயம் நான் யோசிக்காதது, இனி வீட்டுலயும் சொல்லிருதேன்.


ஷார்ஜா_நெல்லையான்

எழுதிட்டேன் அக்கா. நாலு பேருக்கு.

ரெண்டு பல்லாரி வெங்காயத்தைப் பொடிசா நறுக்கிக்கோங்க. வெள்ளைப்பூடு எட்டுப் பல்லு தட்டி வைங்க. நல்லாப் பழுத்த தக்காளி நாலு, மிக்ஸியில ஒரு சுத்து. கொத்துக்கறி 400 கிராம், ட்யூரம் கோதுமை ரவையில செஞ்ச பாஸ்தா 250 கிராம். குழாய் மாதிரியோ திருகாணி மாதிரியோ இருக்கது எடுங்க, கறி உள்ள போய் உக்காரும். மைதா கலந்த மலிவு மக்ரோனி ஒரே சட்டிச் சமையலுக்குத் தாங்காது, கரைஞ்சிரும்.

சட்டி நல்லாக் காஞ்ச பிறகு மூணு ஸ்பூன் எண்ணெய். கறியை அடை தட்டுற மாதிரி பரப்பி விட்டுட்டு கையை எடுத்துருங்க. மூணு நாலு நிமிஷம் கிளறவே கூடாது. இந்த இடத்துலதான் எல்லாரும் அவசரப்படுதாங்க. முதல்ல கறி தண்ணி விடும், சட்டியில சளசளன்னு கொதிக்குற சத்தம் கேக்கும், சாம்பல் நிறத்துல நுரை கட்டும். அந்தத் தண்ணி வத்தினதும் சத்தம் மாறும், சுருசுருன்னு பொரியுற சத்தம் வரும். அப்புறம்தான் கறி சிவக்கும். அடியில காப்பிக் கலர்ல ஒட்ட ஆரம்பிச்சதும் தோசைக்கரண்டியால பிரட்டி, கட்டியை உடைச்சு விடுங்க. அந்த ஒட்டல்தான் ருசி, அதை விட்டுராதீங்க. கொழுப்பு நிறைய எறங்கினாலும் வடிக்க வேண்டாம், சாறு சேரறதுக்கு அது வேணும்.

இப்ப பல்லாரி, கொஞ்சம் உப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்பொடி. வெங்காயம் விடுற தண்ணியிலயே அடியில ஒட்டினது கழண்டு வந்துரும், சுரண்டி விடுங்க. வெள்ளைப்பூடு, உவரி அண்ணன் சொன்ன மாசிப்பொடி, ஒரு ஸ்பூன் வத்தல்பொடி, அரை ஸ்பூன் பெருஞ்சீரகப் பொடி. பச்சை வாடை போனதும் தக்காளி. எண்ணெய் ஓரத்துல பிரியுற வரை வதக்கணும். தக்காளி வதங்கினதும் அரை டம்ளர் வெந்நீர் விட்டு, கறி வாயில வச்சா நசுங்குற வரை மூடி வேகவைங்க, முற்றல்னா மூணு விசில். கறி மெத்துன்னு ஆகாம பாஸ்தாவைப் போட்டுராதீங்க. பாஸ்தா பன்னெண்டு நிமிஷத்துல வெந்துரும், கறிக்காக அது காத்திருக்காது.

அப்புறம் 600 மில்லி வெந்நீர், நல்லாக் கொதிச்சதும் பாஸ்தா. எல்லாம் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும். நடுத்தரத் தீ, மூடி பாதி திறந்து. பாக்கெட்ல பத்து நிமிஷம்னு போட்டிருந்தா பன்னெண்டு, பதிமூணு ஆகும். தக்காளியோட புளிப்புல பாஸ்தா கொஞ்சம் மெதுவாத்தான் வேகும். ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க, நடுவுல வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. சாறு கரண்டியில பூசுன மாதிரி ஒட்டும்போது இறக்கி, முதல் தேங்காய்ப்பால் ஊத்திக் கிளறுங்க. மேல நல்லமிளகு இடிச்சது, மல்லித்தழை.

இளங்கறின்னா மொத்தம் நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷத்துல சாப்பிட உக்காந்துரலாம். முற்றல் கறின்னா கொஞ்சம் கூடும்.


கடையநல்லூர்_லாத்தா

எல்லாம் ஒத்துக்கிடுதேன், பெருஞ்சீரகத்தை மட்டும் கால் ஸ்பூனாக் குறைச்சிருங்க. தேங்காய்ப்பாலோட சேர்ந்தா பாஸ்தாவை மறந்து குருமாவை நினைக்க வச்சிரும். பெருஞ்சீரகம் பிடிக்கும்னா தேங்காய்ப்பால் வேண்டாம், முந்திரி வைங்க. ரெண்டையும் சேர்த்து ஊத்தாதீங்க, திகட்டும்.

நேரம் நெருக்கடின்னா ஞாயித்துக்கிழமை கறி வதக்கி மெத்துன்னு வேகுற வரைக்கும் செஞ்சு, ஆறினதும் டப்பாவுல ஃப்ரீசர்ல வச்சிருங்க. வேலை நாள்ல அதைச் சட்டியில இளக்கி, வெந்நீரும் பாஸ்தாவும் போட்டா இருபது நிமிஷம்தான். நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்யுதேன்.


மேலப்பாளையம்_காக்கா

லாத்தா சொன்னதுதான் புத்திசாலித்தனம். கறியையும் ஒரே நேரத்துல வாங்கினா நல்ல துண்டாப் பார்த்து எடுக்கலாம். இளங்கறி வேணும்னா கடைக்காரர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க தங்கச்சி, தெரிஞ்ச முகம்னா சொல்லிக் குடுப்பாங்க. நிறத்தைப் பாருங்க: ரொம்பக் கருஞ்சிவப்பா, கொழுப்பு நல்ல மஞ்சளா இருந்தா வயசு கூடுன உருப்படியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை வேண்டாம்னு சொல்லலை, ருசி அதுலதான் கூட. மூணு விசில் மறக்காதீங்க.


தென்காசி_மதினி

தென்காசி 2019ல தனி மாவட்டமாப் போயிட்டாலும் இந்த இழையில எங்களுக்கும் இடம் உண்டுல்லா? எனக்கு ஒரு கேள்வி. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்து விடலாமா? மத்தியானம் வரை தாங்குமா?


வார்டு_அக்கா

தேங்காய்ப்பால் ஊத்தினதைக் குடுத்து விடாதீங்க மதினி. நம்ம ஊர் வெக்கையில கறியும் தேங்காயும் சேர்ந்தது டிபன் டப்பாவுக்குள்ள மத்தியானம் வரை நம்பி இருக்க முடியாது. முந்தின ராத்திரி இறக்கும்போதே நாளைக்கு வேண்டியதைத் தேங்காய்ப்பால் ஊத்துறதுக்கு முன்னால தனியா எடுத்து, அகலத் தட்டுல பரப்பி ஆறவச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருங்க. காலையில பாஸ்தா சாறு பூரா குடிச்சு இறுகி நிக்கும். ஒரு குழிக்கரண்டி வெந்நீர் விட்டு, நடுவுல ஆவி பறக்குற வரை சூடாக்குங்க. வெந்நீர் ஊத்திக் காயவச்ச ஃபிளாஸ்க் டப்பாவுல அடைச்சுக் குடுத்தா மத்தியானமும் சூடா இருக்கும். சாதா டப்பாதான் இருக்குன்னா கறி பாஸ்தா வேண்டாம்.


தென்காசி_மதினி

ஃபிளாஸ்க் டப்பா இருக்கு, நாளைக்கே செய்யுதேன். முந்திரியை இறக்கும்போது கலக்காம, காலையில சூடாக்கும்போது கலக்கினா ஆகுமா லாத்தா?


கடையநல்லூர்_லாத்தா

ஆகும் மதினி. ராத்திரியே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, காலையில அந்த வெந்நீரோட சேர்த்து ஊத்தி ஒரு கொதி விட்டு இறக்குங்க.